வெறும் இரும்பில் எவேலியோவின் கை

கொஹிமார் ஊரில் கடலுக்கு எதிரே கார் வைத்திருப்பவனுக்கு நிம்மதி கிடையாது. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். எவேலியோ தன் பழைய காரின் பானெட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பாக்கியிருந்தான். பெயின்ட் கிடைக்கும்வரை, கழித்த இன்ஜின் ஆயிலில் மெழுகைக் கரைத்துப் பூசி வைப்பதாக ஏற்பாடு. அதுவரை யாரும் தொடக்கூடாது. நான் பக்கத்து வீட்டுக்காரன், அவனோடு மாறி மாறி அதே காரை ஓட்டியவன்; என்னையே விடமாட்டான்.

"கையை எடுய்யா. உன் வேர்வை நாளைக்கே துருவா முளைக்கும். தினம் உன் மூஞ்சியப் பாக்குறது பத்தாதா, கைரேகையையும் வேற பாக்கணுமா?"

அப்பேர்ப்பட்டவன் ஒரு செப்டம்பரில், லாரி ட்யூப்களைக் கட்டிய மிதவையில் ஏறி, வடக்கே அக்கரை நாட்டில் பிழைக்கப் போய்விட்டான். மனைவி நெரெய்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானெட்டுக்கு மட்டும் மறக்காமல் ஆயில் பூசியிருந்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த அக்கறையில் கால்வாசியை அவளிடம் காட்டியிருக்கலாம்.

அதன்பின் ஒரு தகவலும் இல்லை. யார் கேட்டாலும் நெரெய்தா, "கரை சேர்ந்துட்டாரு. வேலை கெடச்சதும் கூப்பிடுவாரு" என்பாள். சோறும் கறுப்பு பீன்ஸும் இரண்டு தட்டில் போடுவாள்.

மழை ஓய்ந்ததும் ஆயிலை மாற்ற என்னைக் கூப்பிட்டாள். பழையதைத் துடைத்தேன். நடுவில் ஓர் உள்ளங்கை, துருவில் பதிந்திருந்தது. மோதிர விரலுக்கு நுனி இல்லை. ஃபேன் பெல்ட்டில் எவேலியோ பறிகொடுத்த நுனி அது.

"அவராவது, தெரியாம கை வைக்கிறதாவது. சொல்லிட்டுத்தான் போயிருக்காரு அண்ணே," என்று சிரித்தாள்.

"இப்பவே தேய்க்கலன்னா உள்ள எறங்கிடும், நெரெய்தா."

"எறங்கட்டும். தொடாதீங்க."

தினமும் அவளே ஆயில் தடவினாள். ஒருமுறை வேர் பிடித்த துரு ஆயிலுக்கெல்லாம் அடங்குமா? விரல்கள் மெல்லத் தடித்தன. அந்தப் பக்கம் போகவே எனக்கு பயமாக இருந்தது.

ஏப்ரலில், காணாமல்போன மீனவன் ஒருவனின் உடலைக் கடல் கரையில் தள்ளியது. ஊரோடு போய்ப் பார்த்தோம். நெரெய்தா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரில் ஊறி வீங்கிய கையையே பார்த்தாள். அங்கிருந்து நேராகக் காரிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வீங்கியிருக்கு பாருங்க அண்ணே."

"துரு பரவியிருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல."

"அவர் கை வீங்கிக்கிட்டே வந்திருக்கு. நான் பாத்துக்கிட்டே, சேர்ந்துட்டாரு சேர்ந்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். உப்புத்தாளக் கொண்டாங்க."

தேய்க்கச் சொல்லி நச்சரித்த எனக்கே கை வரவில்லை. அவளே பிடுங்கித் தேய்த்தாள். கட்டைவிரல் முதலில் போனது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அவள் நிறுத்தவில்லை. பிறகு ஆயிலைப் பூசி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமியார் இந்நேரம் மாதா கோயில்ல இருப்பாரா அண்ணே?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு இறந்தவங்க பூசை வைக்கச் சொல்லணும்."