ஒருநாள் முந்திக் கேன்சல் பண்ணிய டிக்கெட்

பதினெட்டு வருஷமாக மாட்டுத்தாவணிப் பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். நான் விமானத்தில் ஏறியதில்லை. ஏற இருந்தவர்களை இறக்கிவிட்ட அனுபவம் நிறைய உண்டு.

ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டை நாம் கேன்சல் பண்ணினால் ஏர்போர்ட் வரி மட்டும் திரும்பும். கம்பெனிக்காரனே விமானத்தை ரத்து செய்தால் முழுப்பணம். ஆகவே கடைசி நாள்வரை கேன்சல் பண்ணாமல் டிக்கெட்டின் மேல் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அடைகாக்கிற கோழி தோற்றுப்போகும்.

சமயநல்லூர் பாண்டி, கொத்தனார். துபாய் வேலைக்குச் சனிக்கிழமை டிக்கெட், பதினெட்டாயிரம். புதன்கிழமை விசா இல்லை என்றாகிவிட்டது.

“அண்ணே, பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. வெள்ளிக்கெழமதான் பணங்கட்டக் கடைசி. இதுல எம்புட்டு தேறும்?”

“இப்ப கேன்சல் பண்ணா மூவாயிரம். பொறுத்தா முழுசும் வரலாம், வராமலும் போகலாம்.”

“மூவாயிரம் இருந்தா மிச்சத்தப் பெரட்டிருவேன். நீங்க சொல்றதுதாண்ணே.”

வெள்ளிக்குப் பிறகு வரும் பணத்தால் என்ன லாபம் என்று யோசித்து, வழக்கத்தை மீறினேன். கேன்சல். மூவாயிரத்தை அன்றைக்கே பாண்டி கையில் கொடுத்தேன்.

வியாழன் மதியம் போனில் செய்தி. சனிக்கிழமை விமானம் ரத்து, முழுப்பணமும் திருப்பித் தரப்படும். கேன்சல் ஆன டிக்கெட்டுக்கும் சேர்த்தே கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தது. பாண்டி பெயருக்கு வந்த செய்தி என் போனுக்கு வந்தது. எல்லா ஏஜென்ட்டும் போல டிக்கெட்டில் என் நம்பரைத்தான் போட்டிருந்தேன்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன்.

“சார், நீங்க நேத்தே கேன்சல் பண்ணிட்டீங்களே.”

“ஒருநாள்தானேம்மா முந்தி?”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

முழுப்பணம் உறுதி என்றிருந்தால் நானே கையிலிருந்து கொடுத்து, பிறகு எடுத்துக்கொண்டிருப்பேன். உறுதியில்லாத பணத்துக்குப் பையில் கைவிட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. வெள்ளிக்கிழமையும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை பாண்டி வந்தார்.

“மிச்சம் பெரளல, கட்ட முடியலண்ணே. சீட்டு வேற பிள்ளைக்குப் போயிருச்சு. பாப்பா ரெண்டு நாளா பேச மாட்டேங்குது.”

“அடடா.”

“நீங்க என்ன செய்வீக? அம்புட்டும் போயிருக்க வேண்டியது, மூவாயிரமாச்சும் புடுங்கிக் குடுத்தீக. வாங்க, டீ சாப்பிடுவோம்.”

போனேன். காசும் அவரே கொடுத்தார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிக்கெட்டில் பயணியின் நம்பரையே போடுங்கள். நம் நம்பரைப் போட்டால் செய்தி நம்மிடம் நின்றுவிடும். அதை எடுத்துச் சொல்ல நெஞ்சில் கொஞ்சம் தைரியம் வேண்டும். அன்றைக்கு டீ ஆறும்வரை முயன்று பார்த்தேன்; எனக்கு இல்லை.