நாலு பக்கமும் தெரிந்த வீடு

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறார். ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். கலை ஆர்வம் என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். கணவர் போர்வெல் துளைக்கிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர் திரும்புவார். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். வீட்டில் சத்தம் என்றால் நானும் மிக்ஸியும் போட்டால்தான் உண்டு.

ஒரு ஞாயிறு, கியூபிசம் என்று சில படங்களை டிவியில் காட்டினார். எல்லாம் கிராமங்கள்தாம். ஆனால் வீடு பெட்டி, கூரை முக்கோணம், மரம் உருளை. ஒரே வீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே தெரிந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க, தலை சுத்தறப்ப வரைஞ்சாங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஒரே எடத்துல நின்னு பாக்கறது கேமரா. இவங்க சுத்திச் சுத்தி வந்து பாத்ததையெல்லாம் ஒண்ணா வைக்கிறாங்க."

அட, சுற்றிச் சுற்றி வருவது என் தினசரி வேலையாயிற்றே! சாயங்காலமானால் வாசலில் நிற்பேன், பொடக்காளி என்று நாங்கள் சொல்லும் புழக்கடைக்குப் போவேன், மொட்டை மாடிக்கு ஏறுவேன். எங்கே போனாலும் நான் ஒருத்திதான்.

அந்த வாரம் எங்கள் வீட்டை அப்படியே வரைந்தேன். வாசல் கதவை ஒட்டியே புழக்கடைச் சுவர், அதன் மேல் சாய்ந்தாற்போல் தண்ணீர்த் தொட்டி, பின்னால் நீளநீளச் செவ்வகமாகக் கோழிப் பண்ணைகள். சுவர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கொடுத்தேன். கணவருக்கு வீடு முழுக்க ஒரே பார்வையில் தெரியட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"எந்தச் செவுரு புள்ள? பொடக்காளிச் செவுரா? ஊடே வெடிச்சுக் கெடக்குது, ஒரு வார்த்தை சொல்லாம போட்டோ அனுப்பற! உள்ள படுக்காத சாமி. இன்னிக்கே ரயிலேறி வாரேன்!"

பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் போடுகிறார்கள் என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். ரிக் போகிற ஊரிலெல்லாம், துளை போடுகிற அதிர்வில் தங்கள் சுவர் வெடித்துவிட்டது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வெயிலில் நின்று போனில் பார்க்கிற அவருக்கு, சுவரில் கோடு தெரிந்தால் அது விரிசல்தான்.

மாரியம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்டேன், மாத்திரை போடு என்றார். ஆமாங்க, சுவர் வெடித்துவிட்டது, வாங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வந்து நின்றால் எந்தச் சுவரைக் காட்டுவது?

"அது நான் வரைஞ்ச படமுங்க" என்றேன்.

"அடக் கெரகமே! பயமுறுத்திப்புட்டயே!" என்று சிரித்தார். "அப்ப செவுரு நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்பறமென்ன, மழைக்கு வாரேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "செவுத்துக்குன்னா இன்னிக்கே வாரீங்க. நான் கூப்பிட்டா வர மாட்டீங்களா?"

அந்தப் பக்கம் ரிக்கின் கம்ப்ரசர் இரைச்சலோடு ஓட ஆரம்பித்திருந்தது.

"என்ன புள்ள? ஒண்ணுங் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

அதை எப்படி இரண்டாவது தடவை சொல்வது, அதுவும் சத்தமாக?

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேனுங்க" என்றேன்.