ஐந்து போடுங்க டீச்சர்

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் போய் "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போடுவது என் வேலை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க, குடும்ப அட்டை விசாரிக்க, மக்கள்தொகை எடுக்க என்று கையில் படிவத்தோடு வீடு வீடாகப் படியேறி இறங்கியவர்கள் இதைப் படித்தால், நான் பாதி சொல்லும்போதே மீதி புரிந்துவிடும். நாமெல்லாம் ஒரே இனம்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ராஜபாளையத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்தும் பகல்நேர மையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் இந்த வேலை. மருந்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு இருபத்துச் சொச்சம் கேள்வி. இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி மாரிக்கனியைப் பற்றியது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்குத் தனியாக பஸ்ஸில் வர வேண்டும்.

அழிரப்பர்

வேலையில் சேர்ந்த முதல் நாள், பழகுவதற்காக எங்கள் தாளை நாங்களே நிரப்பச் சொன்னார்கள். தூக்கம், உடம்பு, நண்பர்கள் என்று மளமளவென்று போனது. "உங்கள் வாழ்க்கை எவ்வளவு அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது?" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மனசில் முதலில் வந்ததைப் போட வேண்டும் என்பது விதி. முதலில் வந்ததைப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் ஜெயந்தியிடம் அழிரப்பர் கேட்டேன்.

ஜெயந்தி டப்பாவைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை பேரு எழுதியிருக்காங்க, இந்தக் கேள்விக்கு ரப்பர் கேட்ட மொத ஆளு நீங்கதான் டீச்சர்."

எழுதுவதற்கு இல்லை

வீட்டுக்கு வந்தவரிடம் "நல்லா இருக்கோம்" என்று சொல்வது நம் வழக்கம். வந்தவர் கையில் தாளும் பேனாவும் இருந்தால் அந்த வழக்கம் இன்னும் கெட்டிப்படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அம்மா எல்லாக் கேள்விக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஐந்து, ஐந்து, ஐந்து. தறிக்காரர் நாடா ஓட்டுவது போல என் பேனா ஓடியது. கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் குடிக்க வைத்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் பேச ஆரம்பித்தார். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. சமையல்கட்டில் நின்றால் பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரும்பினால் ஆள் இல்லை. மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாள்.

ஒரு காலில் செருப்போடு நின்றபடி பையைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அது எழுதுறதுக்கு இல்ல டீச்சர். ஒங்ககிட்ட சும்மா சொன்னேன்."

மாத்திரை தூங்குது

கூமாப்பட்டியில் ஒரு பெரியவர், தென்னந்தோப்புக் காவல்காரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வீட்டுக்காரி உள்ளே இருந்து, "எட்டு மணிக்குப் படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்காரு" என்று குரல் கொடுத்தார். எட்டு மணியிலிருந்து விடியும்வரை என்றால் குறைந்தது நான்கு போடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். "மாத்திரை தூங்குது டீச்சர். நா பக்கத்துல படுத்துக் கெடக்கேன்."

எம்பேரு எழுதுன தாள்

மாரிக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அதனால் மாதாமாதம் மையத்தில் போடும் மருந்து ஊசிக்கு அவளைக் கூட்டிவருவது மதினி செல்லத்தாய். ஏழு வருஷத்துக்கு முன்னால், அய்யனார் கோவிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிய மாரிக்கனி பஸ் மாறி ஏறி, இரண்டாம் நாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தாள். அந்த இரண்டு நாளும் செல்லத்தாய் சோற்றில் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து மாரிக்கனியைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக விட்டதில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மாரிக்கனி, அவள் எழுந்து போகாதபடி வழியை அடைத்துக்கொண்டு செல்லத்தாய்.

வெளியே போய்வருவதில் எவ்வளவு திருப்தி என்று தாளில் ஒரு கேள்வி. நான் மாரிக்கனியைப் பார்த்துக் கேட்டேன். செல்லத்தாய் பதில் சொன்னார். "ஊசிக்கு நாந்தான் கூட்டியாரேன். கோயில் கொடைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கு என்ன கொறை? அஞ்சு போடுங்க டீச்சர்." ஐந்து போட்டேன். ஆறு மாதம் கழித்தும் அப்படியே. கூட வந்தவரின் பதிலை எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அவ்வளவு பாசத்தோடு சொல்கிறவரை "செத்த நேரம் வெளிய இருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் தடவை தாளை மடிக்கும்போது மாரிக்கனி மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அது எம்பேரு எழுதுன தாள்தானே?"

டோக்கன் வரிசை

அந்தக் கேள்வி ஆறு மாதம் என்னோடு வீட்டில் குடியிருந்தது. மூன்றாம் தடவை ஊசி நாளில் நல்ல கூட்டம். செல்லத்தாய் டோக்கன் வாங்க வரிசையில் போய் நின்றார். பத்து நிமிஷம் கிடைக்கும். முதல் கேள்வியை விட்டுவிட்டு, வெளியே போய்வருவதைப் பற்றிய கேள்விக்குப் போனேன்.

மாரிக்கனி வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "என்னியக் கொண்டுபோறாக, கொண்டாராக. நானாப் போகல." மம்சாபுரத்தில் ஏறினால் எந்த வளைவுக்குப் பிறகு எந்த நிறுத்தம், எங்கே கண்டக்டர் இரண்டு விசில் அடிப்பார், எந்த இடத்தில் மலை மறைந்து மில் சுவர் வரும் என்று வரிசையாகச் சொன்னாள். ஏழு வருஷமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மனப்பாடம் செய்த வழி. பொழுதுபோக்குக்கு இரண்டு, மற்றவர்கள் தரும் மதிப்புக்கு இரண்டு என்று மற்ற எண்களும் இறங்கின. நான் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

செல்லத்தாய் டோக்கனோடு திரும்புவதைப் பார்த்ததும் மாரிக்கனி என் பக்கம் குனிந்தாள். "ஒண்ணுன்னு சொன்னதை மதினிட்ட சொல்லிராதீங்க. அழுதுரும்."

இறங்கிய எண்

மதுரையிலிருந்து வரும் இளம் டாக்டர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு இறங்கியிருக்கே மேடம்? நோய் திரும்புற மாதிரி தெரியுது. ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?" உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைக்கப்போவது இன்னும் கொஞ்சம் மருந்து. முதல் இரண்டு தாளிலும் இருப்பது மதினியின் பதில், மூன்றாவதுதான் மாரிக்கனி பேசியது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மாணவர்களைத் தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்ன வருஷங்களில் அது இவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் மூன்றாவது தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பிறகு மாரிக்கனியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மருந்தைக் கூட்டவில்லை. இருவரையும் உட்கார வைத்து, அடுத்த மாதம் மாரிக்கனி தனியாக வரட்டும் என்றார். செல்லத்தாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தொலைஞ்சு போனா நீங்க வந்து தேடுவீகளா சார்?" டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

மாரிக்கனிதான் பதில் சொன்னாள். "நா தொலைஞ்சது ஏழு வருசத்துக்கு முந்தி மதினி. கெடைச்ச பொறவும் ஏன் தேடுறீக?"

பின் சீட்டு

அடுத்த ஊசி நாளன்று எனக்கு விடுமுறை. ஆனாலும் காய்கறி வாங்கும் சாக்கில் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் போய் நின்றேன். வாங்கிய வெண்டைக்காய் முற்றல் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பஸ் வந்தது. முன்வாசலில் மாரிக்கனி இறங்கினாள். தோளில் பை, கையில் ஊசி நோட்டு. இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தாள். பஸ் நகரும் நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு பெண் முக்காட்டோடு இறங்கி, வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் மறைந்தார். அந்தச் சேலை எனக்குத் தெரியும். டோக்கன் வரிசையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

மாரிக்கனி திரும்பிப் பார்க்காமலே என்னோடு நடந்தாள். "பொம்பளைகளுக்குக் காசு இல்லைன்னாலும் சீட்டுக் கிழிச்சுக் குடுப்பாருல்ல, கண்டக்டருட்ட ரெண்டு கேட்டு வாங்குனேன் டீச்சர்" என்றாள். இரண்டு எதற்கு என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "பின் சீட்டுல மதினி உக்காந்திருந்துச்சு. அது தனியா பஸ் ஏறி ஏழு வருசம் ஆச்சுல்ல, பாவம். பயந்துரும்."

ஊசி போட்டு முடிந்ததும், தாள் போடும் மாதம் இல்லாவிட்டாலும், எனக்காக அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். வெளியே போய்வருவதில் இப்போது எவ்வளவு திருப்தி? மையத்தின் கேட்டுக்கு வெளியே முக்காட்டுத் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளிழுத்துக்கொண்டது. மாரிக்கனி அதைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"மூணு போடுங்க டீச்சர். மிச்சம் ரெண்டு, மதினிக்குப் பயம் தெளிஞ்ச பொறவு."

ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒழுங்காக எண்ணப் பழக எனக்கு எழுபது வயதாகியிருக்கிறது.