மணிக்கூலிக்காரரின் காது

என் வீட்டுக்காரரை இந்தப் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டிக்டிக்' என்றால்தான் தெரியும். பிளம்பர் வேலை. கருவிப் பெட்டியில் ரென்ச், உளி, சுத்தியலோடு துணியில் சுற்றிய ஒரு அலாரம் கடிகாரமும் இருக்கும், சாவி கொடுக்கிற பழைய ரகம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதை எடுத்து, அந்த வீட்டார் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைப்பார். அது போடுகிற சத்தம் அடுத்த அறைவரை கேட்கும்.

மணிக்கு இவ்வளவு என்பதுதான் அவர் கணக்கு. முதல் ஒரு மணிக்கு முழுக்கூலி. வேலை கால் மணியில் முடிந்தாலும் அதேதான், வந்துபோகிற நேரமும் பெட்டி சுமக்கிற தோளும் அதில் அடக்கம். அதற்கு மேல் அரைமணி அரைமணியாக ஏறும். கூட ஆள் வந்தால் அந்த ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வாஷர் வாங்கக் கடைக்குப் போனாலும், டீ குடித்தாலும், தன் தப்பால் ஒன்றை மறுபடி செய்தாலும் கடிகாரத்தைக் குப்புறப் படுக்க வைத்துவிடுவார். குப்புறக் கிடக்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. இந்த அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"சும்மா சுவரைப் பாத்துட்டு நிக்கறதுக்கும் மணிக்கணக்கா?" என்று கேட்காத வீடு இல்லை. அவர் நின்று பார்ப்பதில்லை, கேட்பார். முழ நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். சுவருக்குள் எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் பாத்ரூமையே பெயர்த்துப் போடுகிற இடத்தில் இவர் ஒரே ஒரு டைல்ஸை உடைப்பார். அதனால்தான் முணுமுணுத்தாலும் இவரையே கூப்பிட்டார்கள்.

அந்தக் காதுதான் போய்விட்டது. போன மழைக்காலத்தில் வலது காது அடியோடு போனது. இடது காதில் பாதி மிச்சம். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. காதும் காதும் வைத்தாற்போல வைத்திருந்தோம். ஊருக்குத் தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? தெருவில் நடக்கும்போது மட்டும் போன காதை என் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பார். "உன் பேச்சுக்கு இந்தக் காது போதும்" என்று வேறு சொல்வார். கொழுப்பு.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் குடியிருப்பின் செயலாளர் ஆள் அனுப்பினார். நாற்பது வீடு உள்ள கட்டடம். மூன்றாம் மாடியில் எங்கேயோ கசிவு, இரண்டாம் மாடிக் கூரையில் சொட்டுகிறது. இதைச் சரியாகக் கண்டுபிடித்தால் கட்டடத்தின் வேலை முழுவதும் இனி இவருக்குத்தான். இல்லையென்றால் வேறு ஆள். நாற்பது வீடு கையில் இருந்தால் வீடு வீடாகப் போய்ப் புது ஆளிடம் பேசி மாட்டிக்கொள்ள வேண்டாம், காது போன பிறகும் காலத்தை ஓட்டிவிடலாம். இது போனால் அடுப்பு எப்படி எரியும் என்றே எனக்குத் தெரியவில்லை.

"நானும் வரேன்" என்றேன்.

"வந்து?"

"கம்பியை நான் காதுல வைக்கிறேன். தோள் வலி, பொண்டாட்டி கூட மாட உதவிக்கு வந்திருக்கான்னு சொல்லிக்கோங்க."

ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே பழகினேன். குழாயை லேசாகத் திறந்துவைத்துவிட்டு அவர் நிற்பார், நான் கேட்பேன். சூடான கல்லில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சீறல். கேட்டால் சைகை காட்ட வேண்டும். முதலில் இருமுவது என்று முடிவு செய்தோம். நான் மூன்று தடவை இருமியும் மனுஷன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சிரித்து முடித்துவிட்டு, கைத்துணியைத் தோளில் போட்டால் 'இங்கேதான்' என்று மாற்றிக்கொண்டோம்.

காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போனோம். செயலாளர் வாசலிலேயே நின்றார். வாயை மூடுகிற அளவுக்கு மீசை. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். அந்த மீசைக்குள் உதட்டை எங்கே தேடுவது?

"மணிக்கு எவ்வளவு? மொத்தமா ஒரு விலை சொல்லக் கூடாதா? போன தடவை வந்தவன் மொத்தமாத்தான் சொன்னான்."

இவர் பேசாமல் கடிகாரத்தைத் துணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "ஏங்க, சார் கேக்கறாரு, மொத்த விலை ஏன் சொல்றதில்லன்னு" என்றேன்.

"சுவருக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மொத்தமா சொல்றவன் அவன் பயத்தையும் சேர்த்து வாங்கிக்குவான். நான் வேலைக்கு மட்டும் வாங்கறேன், சார்" என்றார்.

நல்ல பதில். செயலாளர் என்னைத்தான் பார்த்தார். "நான் அவர்கிட்டதானேம்மா கேட்டேன்?"

"தோள் வலிங்க, கொஞ்சம் சிடுசிடுப்பு" என்று எதையோ உளறினேன். செயலாளரும் தன் போனில் மணி பார்த்துக்கொண்டார். கடிகாரம் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து டிக்டிக் என்றது.

பாத்ரூமில் நான் கம்பியை ஊன்றினேன். வாஷ்பேசின் பக்கம் ஒன்றுமில்லை. ஷவருக்குக் கீழே ஒன்றுமில்லை. செயலாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, தன் கட்டில் நனைந்த கதையை யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். கதவுக்கு எதிர்ச் சுவரில் ஊன்றியதும் கேட்டுவிட்டது. அதே சீறல். துணியைத் தோளில் போட்டேன்.

இவர் சாக்பீஸால் வட்டம் போட்டார். உளியை வைத்து நாலே அடி. டைல்ஸ் கீழே விழுந்தது. காரையைச் சுரண்டினார். குழாய் தெரிந்தது.

காய்ந்து போய்க் கிடந்தது. தூசி பறந்தது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் மறுபடி கம்பியை ஊன்றினேன். சீறல் அப்படியே இருந்தது. நடுவில் கொஞ்சம் சன்னமாகி மறுபடி ஏறியது. இது என்ன சத்தம் என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்? துணியைத் தோளில் போடு, போடாதே, இந்த இரண்டுதான் எங்கள் சைகை. சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமே இல்லை. அதை யோசிக்காமல் வந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஒரே ஒரு டைல்ஸ்தான் உடைப்பாருன்னு சொன்னாங்களே?" என்றார் செயலாளர். இவர் குனிந்து குழாயைத் தடவிக்கொண்டிருந்தார். செயலாளர் போனைப் பார்த்தார், பிறகு வாசலில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து கையில் எடுத்தார்.

"என் போன்ல மணி பதினொண்ணு. இதுல பத்தே காலு. நின்னுபோய் முக்கால் மணி நேரமாகுது."

எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாற்போல இருந்தது. சத்தம் லேசாகத் தளர்ந்தாலே சாவி கொடுத்துவிடுவார், இருபது வருஷப் பழக்கம். தளர்ந்த சத்தமும் கேட்கவில்லை, நின்ற சத்தமும் கேட்கவில்லை. நானோ கம்பியிலேயே காதை வைத்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அது செத்துக் கிடந்திருக்கிறது.

செயலாளர் கெட்டிக்காரர். மெல்ல நடந்து இவருக்குப் பின்னால் போய் நின்றார். "கடிகாரம் நின்னுபோச்சுங்க" என்றார். இவர் திரும்பவில்லை. இன்னும் உரக்க, "தண்ணியை நிறுத்திடவா?" என்றார். இவர் காரையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை மாசம் மூடி வைத்தது ஒரு நிமிஷத்தில் அம்பலமாகிவிட்டது. நாற்பது வீடும் போச்சு என்று ஓரடி பின்வாங்கினேன்.

என் கால் பின்வாங்கியதைப் பார்த்துத்தானோ என்னவோ, இவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், செயலாளர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தை வாங்கித் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்.

"இதுவரைக்கும் ஆன நேரம் கணக்குல இல்ல, சார். எனக்கு வலது காது கேக்காது. இடதுல பாதிதான். கேக்கறது இவதான். நான் கேக்கற மாதிரி நடிச்சேன், அது என் தப்பு. உடைச்ச டைல்ஸ் என் செலவு. இப்பவே போகச் சொன்னாலும் போறேன். ஆனா கீழ சொட்டற இடத்தை வச்சுப் பாத்தா கசிவு கண்டிப்பா இங்க ஒரு கை தூரத்துக்குள்ளதான் இருக்கு."

செயலாளர் மீசையைத் தடவினார். கீழ் வீட்டு அம்மாவின் குரல் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. போகச் சொல்லவில்லை என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க" என்று இவர் இடது காதருகில் போய்க் கத்தினேன். இனி யாருக்கு மறைக்க வேண்டும்? "சத்தம் ஒரே மாதிரி இல்ல! சன்னமாகுது, மறுபடி ஏறுது!"

அவர் முகம் மாறியது. "ஏறி இறங்குதா? அட, அது ஃப்ளஷ் டேங்க் நிரம்பற சத்தம். கசிவுன்னா ஒரே சீரா இருக்கும். முதல்லயே சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றதாம்? ரெண்டு துணியைத் தோள்ல போடவா?"

செயலாளரிடமிருந்து ஏதோ சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா, அந்த மீசைக்குள் எனக்கும் தெரியவில்லை.

இவர் ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகும் வால்வை இறுக்கி மூடினார். பக்கத்து வீட்டிலும் மூடச் சொல்லிச் செயலாளரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாடிப்படியில் எட்டி, "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கம்மா" என்றார். கட்டடமே வாயைப் பொத்திக்கொண்டது. நான் கம்பியை ஊன்றினேன். விரல் அளவு நகர்த்தினேன். இன்னும் விரல் அளவு. மூச்சு விட்டால் அதுவே கேட்டது. பிறகு, மிகவும் சன்னமாக, ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக அது வந்தது.

"இங்க" என்று கத்தினேன். "ஒரே சீரா இருக்கு. இங்கதான்."

உடைந்த டைல்ஸுக்கு இரண்டு டைல்ஸ் தள்ளி. சுத்தியலை ஓங்குமுன் இவர் என்னைப் பார்த்து, "நிச்சயமா?" என்று கேட்டார். "உடைங்க" என்றேன். மூன்றாவது அடியில் ஈரக் காரை பொலபொலவென்று விழுந்தது. குழாய் வளைகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போய், ஊசி நுனி போல ஒரு நீர்க்கோடு நேராக இவர் சட்டையில் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இணைப்பை மாற்றி, பூசி முடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். அது மட்டும்தான் கணக்கு. செயலாளர் நோட்டைத் திறந்தார். "பிளம்பருக்கு ஒண்ணரை மணிக்கூலி. உதவியாளுக்கு மூணுல ஒரு பங்கு. சரிதானே?" இந்தத் தடவை இவருக்கு நேராக நின்று, மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"மாத்தி எழுதுங்க, சார்" என்றார் இவர். "கண்டுபிடிச்சது இவ. மணிக்கூலி இவளுக்கு. எனக்கு உதவியாள் பங்கு போதும்."

செயலாளர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து கட்டட வேலை உங்களுது. ரெண்டு பேரும் வரணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கறது உங்க வேலை" என்றார்.

தெருவுக்கு வந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வீட்டார் முன்னால் நான் பிளம்பர், இவர் உதவியாளா? மானம் மரியாதை வேண்டாமா? எவனாவது கேட்டால் சிரிக்க மாட்டானா? திட்டித் தீர்த்தேன். அவர் வழக்கம்போல என் இடப்பக்கம் நடந்து வந்தார், போன காது என் பக்கம். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, என்னைச் சுற்றி வந்து, வலப்பக்கம் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

"ம், சொல்லு" என்றார். "இப்ப கேக்குது."