காவியாவின் சிவப்புக் குல்லா

சூளகிரி லைன் வீட்டில் முனிலட்சுமி எனக்கு அடுத்த கதவு. கம்பெனியில் ஒயர் கட்டும் வரிசையிலும் எனக்கு அடுத்த இடம். வாய் ஓயாதவள். சூப்பர்வைசரோடு தமிழில் சண்டை பிடிப்பாள், அது பத்தாவிட்டால் தெலுங்கு, அதற்கும் மேல் கன்னடம். அந்த வாய்க்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வாயே அடைத்துப்போய் நான் பார்த்தது ஒரே தடவைதான். அவள் மகள் காவியாவுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கைக்குழந்தையாக இருக்கும்போதே பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். நல்லபடியாக முடிந்ததென்று அவள் புருஷன் மாதேஷ் எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான். மறுநாளே பிள்ளையின் இதயம் கண்டபடி வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார் டாக்டர். அடங்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சூளகிரிப் பக்கத்துப் பெண்கள் குளிர்காற்றுக்குப் பயந்து பிள்ளைக்கு எந்நேரமும் குல்லா மாட்டிவிடுவார்கள். "பிள்ள வெந்துரப் போகுதுடி" என்று விருதுநகர்க்காரி நான் கிண்டல் செய்வேன். "உங்க ஊரு அடுப்பு மாதிரிக்கா, எங்க ஊரு அப்படி இல்ல" என்பாள் அவள்.

தீவிர சிகிச்சை அறைக்குள் அம்மாவை மட்டும் விட்டார்கள். துணைக்குப் போயிருந்த நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். குழந்தையின் காலைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். பிள்ளை மேல் ஒரு துணிகூட இல்லை. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் பையிலிருந்து சிவப்புக் குல்லாவை எடுத்து மாட்டி, துப்பட்டாவை உருவிப் போர்த்திவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாததா என்றுதான் நானும் நினைத்தேன்.

சற்று நேரத்தில் மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து இரண்டையும் எடுத்துவிட்டுக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். முனிலட்சுமி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வேணும்னேதான் குளுர வெச்சிருக்காங்களாம்க்கா. ஒடம்பு சூடானா இன்னும் வேகமா அடிக்குமாம். நானே எம்புள்ளையக் கொல்லப் பாத்தேன்."

"நீ என்னத்தடி கண்ட? பெத்தவ போத்தத்தான் செய்வா" என்றேன்.

அதன்பிறகு உள்ளே போகும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சில்லிட்டுக் கிடக்கும் பிள்ளையைப் போர்த்தாமல் பார்த்துக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சண்டை போடவும் அங்கே ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலையில் துடிப்பு மெல்ல இறங்கி, சாயங்காலம் வரை ஒழுங்காகவே இருந்தது. டாக்டர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். குளிர வைப்பதை நிறுத்தினார்கள். மறுநாள் அதே நர்ஸ், எடுத்து வைத்திருந்த குல்லாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "இப்போ போடும்மா" என்றாள் அரைகுறைத் தமிழில்.

முனிலட்சுமி வாங்கவில்லை. நீங்களே போடுங்கள் என்று கையைக் காட்டினாள். நர்ஸ் போட்டுவிட்டாள். அப்புறம்தான் இவள் பயந்து பயந்து பிள்ளையின் காலைத் தொட்டாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலு வெதுவெதுன்னு இருக்குதுக்கா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.