புகுந்தவள்

என் அம்மா சுக்ரோ புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இறந்தாள். காமாலை. நான் அவள் மகள், ஜார்க்கண்டின் கும்லாவில் மின்துறையில் இளநிலைப் பொறியாளர். ஒன்பதரைக்கு ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குள் அவளை மஸ்னாவில் புதைக்க முடியாது என்று ஊர் முடிவெடுத்திருந்தது.

மஸ்னா எங்கள் ஓராவ் பழங்குடியின் இடுகாடு. அங்கே மனைவிகளுக்கு இடமுண்டு. அம்மா டுக்கு. டுக்கு என்றால் புகுந்தவள். முப்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு துணிமூட்டையோடு அப்பா பந்தனின் வீட்டுக்குள் புகுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஊருக்கு விருந்து வைக்க இருவரிடமும் வசதியில்லை. விருந்து வைக்காதவரை அது கல்யாணம் இல்லை.

அப்பாவின் தாத்தா காலத்தில் ஒரு பானை அரிசிக் கள்ளும் பக்கத்து நாலு வீடும் இருந்தால் கல்யாணம். பிறகு ஊர் முழுக்க வேண்டும் என்றானது. பிறகு மூன்று ஊர், ஆட்டுக்கறி, பந்தல். கல்யாணம் வளர்ந்தது. எங்கள் நிலம் வளரவில்லை.

ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அம்மா பந்திக்குச் சால் மர இலை தைத்தாள். மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூச அவளைக் கூப்பிட்டதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு இப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் கூட்டுத் திருமணம் நடத்தி அரசுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது. இருவரையும் நான்தான் அழைத்துப்போனேன். நான் அவளுக்கு நோனி, அவள் எனக்கு ஆயோ. பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

"நோனி, இந்தக் காகிதத்துக்குப் பதிலா ரெண்டு ஆடு வாங்கிப் போட்டுடேன். ஊரு சாப்பிட்டாப் போதும்."

"ஆயோ, இது கவர்மெண்ட் முத்திரை. இதுக்கு மேல யாரு கேக்கப்போறா?"

"செத்தா கவர்மெண்டா வந்து குழி வெட்டும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சான்றிதழைத்தான் இப்போது ஊர்ப் பூசாரி ஜத்ரு பாகானிடம் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. நாங்க எப்பச் சாப்பிட்டோம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பாகான் அவர்களை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வழி இருக்கு. பந்தன் இப்பவே அவ நெத்தியில செந்தூரம் வைக்கட்டும், கல்யாணம் ஆயிடும். ஊருக்குச் சோறு, கறி, கள்ளு. இஞ்சினியரம்மா பொறுப்பேத்துக்கிட்டா மத்தியானத்துக்குள்ள மஸ்னா."

"சரி" என்றேன். யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு எத்வாரி செந்தூரத் தட்டோடு வந்தாள்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார்.

"வைக்கமாட்டேன்."

"பந்தா, பொணத்த வெச்சுக்கிட்டு வீம்பு பண்ணாதடா" என்றார் பாகான்.

"உன் மக கல்யாணத்துக்கு யாரு இலை தைச்சா? அவதானே? 'உக்காரு சுக்ரோ, ஒரு வாய் தின்னு'ன்னு ஒருத்தனாவது சொன்னீங்களா? இப்ப அவ பொணத்து முன்னால நீங்க கறி திங்கணுமா?"

"உன் ஆத்தா அப்பன் பக்கத்துல அவ படுக்க வேணாமா?"

"அங்க எனக்கும் இடம் வேணாம். போங்க."

"பாபா, அவ கேட்டது அது ஒண்ணுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?"

தட்டைத் தட்டிவிட்டார். ஊர் எழுந்து போனது.

எங்கள் மேட்டு நிலத்தின் தென்கிழக்கு மூலையில் தோண்டினோம். அப்பா, நான், என் ஆபீஸ் லைன்மேன்கள் இரண்டு பேர். மூன்றடி எட்டு அங்குலத்தில் பாறை தட்டியது.

"இதுக்கு மேல இறங்காது மேடம்" என்றார் லைன்மேன் சைமன் மிஞ்ச். அந்த ஆழத்திலேயே வைத்தோம். நரி தோண்டாமலிருக்க மேலே கல் அடுக்கினோம்.

அப்பாவின் கோபத்தில் பிழையில்லை. ஆனால் அம்மாவைக் கேட்டிருந்தால் செந்தூரத்துக்குத் தலையைக் குனிந்திருப்பாள். காகிதம் போதும் என்று நான் முடிவெடுத்தேன். விருந்து வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தார். இரண்டு முறையும் விலை கொடுத்தது அவள்தான்.

போன மாதம் ராஞ்சியிலிருந்து டுக்கு பற்றி ஆராயும் மாணவி ஒருத்தி வந்தாள். நகரத்தில் இப்போதுதான் செந்தூரம், சடங்கு இல்லாமல் சேர்ந்து வாழ்கிறார்களாம். நாங்கள் நூறு வருடம் முன்னாலேயே அங்கே போய்விட்டோமாம். உற்சாகமாகப் பேசினாள். அம்மாவை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினேன்.

"தனியா, அமைதியா, அழகா இருக்கு" என்றாள்.

அம்மா தனியாகப் படுக்கப் பயப்படுவாள். அதை அந்த மாணவியிடம் சொல்லவில்லை.