உரம் போட்டவனும் புல் வெட்டியவரும்

எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வரவிருந்த 1957ஆம் ஆண்டில் நான் காஜா பெராங்கில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியன். வயது பத்தொன்பது. எதையும் நாளைக்கு என்று வைக்கத் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் சுதந்திர விளையாட்டுப் போட்டி எங்கள் திடலில் என்று முடிவானதும், டவுனின் பெரிய திடலான பண்டார் ஹிலிர் திடலைவிட இது பச்சையாக இருக்க வேண்டும் என்று நானே போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

நூலகத்தில் புல்தரை பற்றி ஒரு வெளிநாட்டுக் கையேடு கிடைத்தது. வெப்பம் விரும்பும் புல்லுக்கு வசந்தம் முடியும்போது உரம் போடு, நடுக்கோடையில் போடு, குளிர் தொடங்குமுன் நிறுத்து என்றது. எங்களுக்கு ஏது குளிர்? பன்னிரண்டு மாதமும் கோடைதானே, ஆகவே மாதம் தவறாமல் முழு அளவு. மார்ச்சிலிருந்து, மழை இருட்டிக்கொண்டு வரும் மாலைகளில் அமோனியா உரத்தை வாளியில் எடுத்து வீசிக்கொண்டே நடந்தேன்.

புல் பச்சையானது. பிறகு வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை வெட்டிய திடலை மூன்று முறை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டியது நான் அல்ல, பள்ளித் தோட்டக்காரர். புக்கிட் ரம்பாய் பக்கத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு டவுனுக்கு வந்தவர், முப்பது வயதிருக்கும். மோட்டார் இல்லாத, கையால் தள்ளும் இரும்பு மெஷின். ஜூலை முடிவதற்குள் அவரால் வலது தோளைத் தூக்க முடியாமல் போயிற்று. போட்டிக்குள் வெட்டி முடிக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது தோட்டக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“நீங்க சோறு போடுறீங்க சார், அது திங்குது. முடி வெட்டுறவன் நான் ஒருத்தன்தான் லா.”

தலைமையாசிரியரிடம் போய், தவறு என்னுடையது என்றேன். யார் தவறானாலும் புல் வெட்டியாக வேண்டும் என்றார். அதன்பின் தினமும் பள்ளி விட்டதும் மெஷினின் முன்னால் கயிறு கட்டி நான் இழுக்க, அவர் இடக்கையால் தள்ளினார். ஒரு கோடியை முடிப்பதற்குள் மறுகோடி வளர்ந்திருக்கும். கயிறு இழுப்பதைப் பற்றிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டார். சிரிக்கத் தெம்பில்லை. கையெல்லாம் கொப்புளம். வகுப்பில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினேன்.

போட்டியன்று சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. தலைமையாசிரியர் திடலைச் சுற்றி வந்து ஒன்றும் சொல்லாமல் போனார். தோட்டக்காரரின் வேலை தப்பியது என்று அதிலிருந்து புரிந்துகொண்டோம். கொடிகளை அவிழ்க்கும்போது தூறல் விழுந்தது. மிச்ச உரத்தை என்ன செய்ய என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

“தூக்கிப் போடாதீங்க. ஒன்னும் போடாம விட்டா மஞ்சளாப் போயிரும், அதுக்கும் என்னையத்தான் கேப்பாங்க. கொஞ்சூண்டு போடலாம். ஆனா போடறதுக்கு முன்னாடி என் தோளக் கேளுங்க சார்.”

அக்டோபரில் கேட்டேன். தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்றார். உர மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.